இரண்டு நாழிகை

கடிகாரம் சரியாகத்தான் காட்டியது. பிழைத்திருந்தால் வாங்கிய கடையைத் திட்டிவிட்டு, பற்றரியை மாற்றிவிட்டு மறந்திருப்பேன். சரியாகக் காட்டியதால்தான் ஒன்றரை வருடமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. லங்காஸ்ரரில் ஒரு சரிற்றிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒற்றைக் காதணிகளுக்கும் யாரோ இறந்துபோனவரின் ரை ஊசிகளுக்கும் நடுவே கிடந்தது அது. பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் கட்டும் கைக்கடிகாரம். ரப்பர் பட்டி உப்பில் விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முகப்பு கருநீலம். மணி, நிமிட, விநாடி முட்கள் எல்லாக் கடிகாரத்திலும் உள்ளவைதான். ஆனால் ஆறு என்ற எண்ணுக்கு மேலே இன்னொரு சின்ன வட்டம், அதற்குள் ஒரே ஒரு முள். வட்டத்தின் உச்சியில் உயர்நீர், அடியில் தாழ்நீர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. முள் வலப்பக்கத்தால் இறங்கினால் கடல் வற்றுகிறது. இடப்பக்கத்தால் ஏறினால் பெருகுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். நமது துறையில் இன்றைக்கு எத்தனை மணிக்கு உயர்நீர் என்று அட்டவணையில் பார்த்து, அந்த நிமிடத்தில் முள்ளை உச்சிக்கு இழுத்து விட்டுவிட வேண்டும். பிறகு அது தன்பாட்டில் சுற்றும். நாளுக்கு இரண்டு சுற்றுச் சுற்றியும் ஐம்பது நிமிடம் பிந்தும். அடுத்த நாள் அந்தப் பிந்தலோடு இன்னொரு ஐம்பது.

எனக்குப் பாய் விரிக்கத் தெரியாது. நீச்சலும் அரைகுறை. அதை ஏன் வாங்கினேன் என்று வீட்டில் கேட்டபோது சரியான பதில் வரவில்லை. மற்ற முட்களெல்லாம் சூரியனுக்குச் சேவகம் செய்ய, இது ஒன்று மட்டும் நிலவுக்கு வேலைசெய்கிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அல்லது, கடலில்லாத அலுவலக நாற்காலியில் இருபத்தைந்து வருடம் குந்தியிருந்தவனின் ஆசையாக இருக்கலாம். பஸ்ஸில் போகும்போது குனிந்து பார்ப்பேன்: மூன்று மைல் தள்ளி மோர்கம் குடாவில் இப்போது வற்றத் தொடங்கியிருக்கும். கூட்டத்தில் யாரோ வரவுசெலவுத் திட்டம் வாசித்துக்கொண்டிருப்பார்; மேசைக்குக் கீழே என் மணிக்கட்டில் சேற்றுவெளி மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். இந்த வகைக் கடிகாரத்தின் மூதாதை பிறந்த கதையும் வேடிக்கையானது. 1949இல் ஹாயர் நிறுவனம் ‘சோலுனார்’ என்ற பெயரில் ஒன்றைச் செய்தது, அமெரிக்காவில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்ற அபர்குரொம்பி அன்ட் ஃபிட்ச் கடைக்காக. அதற்கான வற்றுப்பெருக்குக் கணக்கைப் போட உதவியவர், அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஜாக் ஹாயரின் பௌதிக ஆசிரியர். ஆசிரியரும் சுவிஸ், கம்பனியும் சுவிஸ். நாலு பக்கமும் மலை சூழ்ந்த, ஒரு முழம் கடற்கரைகூட இல்லாத நாட்டில் ஒரு வாத்தியார் கடலை ஒரு தட்டுக்குள் அடக்கியிருக்கிறார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கடலைப் பார்க்காமல்தான் அந்தக் கணக்கைப் போடவும் முடியும். பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது.

லூன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் சண்டர்லாண்ட் பொயின்ற் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. ஓவர்ரன் என்ற ஊரிலிருந்து ஒன்றரை மைல் தார்வீதி, உப்புப்புல் முளைத்த சேற்றுவெளியை ஊடறுத்து அங்கே போகிறது. கடல் பெருகும்போது வீதி தண்ணீருக்குள் போய்விடும். எனக்குப் பண்ணைப் பாலத்தின் ஞாபகம் வருவதால் அடிக்கடி அங்கே போவேன். வேலணைக்குப் போகிற பஸ்ஸின் யன்னலில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும் அந்த வீதியில் வளர்ந்தவனுக்கு, தண்ணீருக்குள் மறைந்து வெளியே வருகிற வீதி ஒரு பழைய கனவு மாதிரி. ஊரின் கடற்கரைப் பக்கத்தில் ஒரு கல்லறை. 1736இல் ஒரு கப்பல் தலைவனோடு வந்து அங்கேயே இறந்துபோன கறுப்பினப் பையனுடையது; ஞானஸ்நானம் பெறாதவன் என்பதால் தேவாலயத் தோட்டத்துக்குள் புதைக்கவில்லை. பிள்ளைகள் கூழாங்கற்களில் வர்ணம் பூசிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு வியாழக்கிழமை போனபோது கடிகாரத்தைப் பார்த்தேன். உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வீதி உலர்ந்து கிடந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாதாழை. கடிகாரத்தை நம்பலாம் என்று அன்று முடிவுகட்டினேன். அடுத்த வாரமும் போனேன். அது புரட்டாதிப் பறுவத்தை ஒட்டிய நாள். முள் அதே இடத்தில், உச்சிக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் வீதியைக் காணவில்லை. தண்ணீர் ஆரவாரம் இல்லாமல், யாரோ வாளியைச் சரித்துவிட்ட மாதிரி, புல்லுக்குள்ளால் ஊர்ந்து வந்து தாரின் மேல் ஏறியிருந்தது. எல்லைக் கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. காருக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். இருந்த பயம் பெரிதில்லை, வெட்கம்தான் பெரிது. நாயோடு நடந்துவந்த ஊர்க் கிழவர் ஒருவர் கண்ணாடியில் தட்டி, நேரம் பார்க்கவில்லையா என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திச் சின்ன வட்டத்தைக் கிட்டப் பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லையே என்றார். அவ்வளவுதான். நாய் என் சில்லில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது.

அட்டவணையில் எப்போதும் இரண்டு நிரல்கள் உண்டு. ஒன்று நேரம், மற்றது மீற்றர். என் கடிகாரத்தில் முதலாவது நிரல் மட்டும்தான் இருக்கிறது. அட்டமியை ஒட்டி, சூரியனும் நிலவும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இழுக்கும்போது பெருக்கு சோம்பிப்போய்க் குறைந்த உயரத்தோடு நின்றுவிடும். பறுவத்திலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால், அதிலும் பகலும் இரவும் சமமாகும் பங்குனி, புரட்டாதியில், குடாவுக்குள் பத்து மீற்றர் வரை தண்ணீர் ஏறி இறங்கும். உச்சிக்கு ஒன்றரை மணி முன்னால் என்ற முள்ளின் நிலை இரண்டு வாரத்திலும் ஒன்றுதான். ஒரு வாரம் அந்த நிலையில் வீதி காய்ந்து கிடக்கிறது, மறு வாரம் அதே நிலையில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது. இன்னொன்றும் உண்டு. முள் சீராகச் சுற்றுகிறது. தண்ணீர் சீராக ஏறுவதில்லை. படகுக்காரர்கள் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாழ்நீரிலிருந்து உயர்நீர் வரையான உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடும். வட்டத்துக்குள் முள் கடக்கும் தூரம் அந்த இரண்டு மணிக்கும் மற்ற மணிகளுக்கும் ஒன்றுதான். ஆபத்து முழுவதும் எங்கே குவிந்திருக்கிறதோ அந்த இடத்தைக் கடிகாரம் வேறு எந்த இடத்தையும் போலவே, அலட்டிக்கொள்ளாமல், கடந்துபோகிறது. இதைக் கடிகாரத்தின் குற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை. தான் சொல்லாததையும் அது சொன்னதாக எடுத்துக்கொண்டவன் நான்.

அன்று காருக்குள் இருந்தபோதுதான் அம்மப்பாவின் பஞ்சாங்கம் ஞாபகத்துக்கு வந்தது. வேலணை வீட்டு முன் விறாந்தைத் தூணில், ஒரு ஆணியில், சணல் கயிற்றில் தொங்கும். மூலைகள் எண்ணெய் பிடித்து மடிந்திருக்கும். கரைப்பக்கத்திலிருந்து ஒருவர் வருவார்; கடனீரேரியில் களங்கட்டி போட்டிருந்தவர். தடிகளை வரிசையாக நட்டு, வலையைச் சிறகுபோலப் பரப்பி, தண்ணீரோடு வரும் மீனையும் இறாலையும் ஒரு அறைக்குள் சேர்க்கிற வலை அது. காலை வெயில் ஏறும் முன் படலைக்கு வெளியே நின்று, “ஐயா, இண்டைக்கு என்ன திதி? எத்தினை மணிக்கு மாறுது?” என்று கேட்பார். அம்மப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, பஞ்சாங்கத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து, “பஞ்சமி. பின்னேரம் சட்டி பிறக்குது” என்பார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். உள்ளே வா என்று அம்மப்பா அவரை ஒருநாளும் கூப்பிட்டதை நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் அதைக் கவனிக்கவும் இல்லை. விரதத்துக்கோ நல்ல நாளுக்கோ கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பத்தைந்து வருடம் கழித்து, வெள்ளைக்காரன் தேசத்தில் சேற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பகலில், அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. தோன்றிய உடனே சந்தேகமும் வந்தது. அவருக்கு எதற்குப் பஞ்சாங்கம்? இரவில் நிலவைப் பார்த்தாலே போதுமே. மாரிகாலத்தில் பத்து நாள் தொடர்ந்து மூடிக்கிடந்தால்? அப்போதும் முழங்கால் தண்ணீருக்குள் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்துக் கடலில் வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றரைத் தாண்டாது. கடனீரேரிக்குள் அதுகூட இல்லை, காற்று எந்தப் பக்கம் என்பதுதான் பெரிது. ஆகவே அவர் மெய்யாகவே ஏதோ நேர்த்திக்காகக் கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை, அந்தப் படலையும் இல்லை.

ஆனால் கணக்கு இருக்கிறது. அதை அன்று பெற்றோல் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு முப்பது திதி. அந்த முப்பது திதிக்குள் நிலவு உச்சிக்கு வரும் நேரம் பிந்திப் பிந்தி ஒரு முழு நாளைச் சுற்றி வந்துவிடும். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. அறுபதை முப்பதால் பிரித்தால் இரண்டு. திதி ஒன்று நகர்ந்தால் நீர் இரண்டு நாழிகை நகரும். மிச்சமில்லை, பின்னமில்லை. மணிக் கணக்கில் 48 நிமிடம் என்று அரைகுறையாக வருவது நாழிகையில் விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருக்கிறது. ஐம்பது நிமிடம் என்று முன்னே சொன்னது ஒரு உயர்நீரிலிருந்து அதன் மறுநாள் உயர்நீர் வரை எண்ணும்போது வருவது. திதியால் எண்ணினால் 48. இதே 48 நிமிடத்தை வைத்து, 13ஆம் நூற்றாண்டில் செயின்ற் ஓல்பன்ஸ் மடத்துத் துறவிகள் லண்டன் பாலத்துக்கு ஒரு பெருக்கு அட்டவணை எழுதிவைத்தார்கள். நிலவின் வயதை ஒரு பக்கமும், தண்ணீர் ஏறும் நேரத்தை மறுபக்கமும் போட்டு, ஒரு நாளுக்கு 48 நிமிடம் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கு ஐந்நூறு வருடம் முந்தி, 725இல், வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் இருந்துகொண்டு பீட் என்ற துறவி காலக் கணிதம் பற்றி ஒரு நூல் எழுதினார். நீர் நாளுக்கு நாற்பத்தேழரை நிமிடம் பிந்துகிறது என்று கணித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் சொன்ன மற்றது: ஒரே கரையில் இருந்தாலும் ஒவ்வொரு துறைக்கும் நீர் வரும் நேரம் வேறு. நிலவு எல்லாருக்கும் பொது. ஆனால் அது உச்சியைக் கடந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு தண்ணீர் வந்து சேரும் என்பது அந்தந்த ஊரின் மண்ணும் மடுவும் குடாவின் வளைவும் தீர்மானிக்கிற விடயம். ஒவ்வொரு துறைக்கும் தனக்கென்று ஒரு பிந்தல் இருக்கிறது. பழைய மாலுமிகள் அந்த ஒரு எண்ணைத்தான் ஊர் ஊராகக் குறித்துவைத்துக்கொண்டு திரிந்தார்கள். லிவர்பூலுக்கும் மோர்கம் குடாவுக்கும் அந்த எண் சுமாராகப் பறுவத்தன்று நண்பகல். அதாவது இங்கே பெரிய நீர் எப்போதும் பகல் பன்னிரண்டை ஒட்டியும் இரவு பன்னிரண்டை ஒட்டியும்தான் வரும். காலை ஆறு மணிக்கு உயர்நீர் என்றால் அது சோம்பல் நீர். இதைத் தெரிந்திருந்தால் அன்று கடிகாரத்தையே பார்த்திருக்கத் தேவையில்லை. பறுவம், மத்தியானம், போகாதே. மூன்று சொல்.

பஞ்சாங்கத்தை உயர்த்திக் கடிகாரத்தைத் தாழ்த்துகிறேன் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் எழுத்தின் பிழை. நமது ஆட்களுக்கு இந்த ஆசை அதிகம்; எதையாவது காட்டி எங்களிடம் முந்தியே இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு நாழிகைக் கணக்கை எந்தப் பஞ்சாங்கத்திலும் நான் கண்டதில்லை. நான் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு விடயத்தில் பஞ்சாங்கம் கடிகாரத்தைவிட யோக்கியமானது. நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது விரையும், எட்டப் போகும்போது தயங்கும். அதனால் ஒரு திதி இருபது மணி நேரத்திலும் முடியும், இருபத்தாறு மணி நேரமும் நீளும். பஞ்சாங்கம் அந்த நெளிவை ஒப்புக்கொண்டு, இன்ன நாள் இன்ன நேரத்தில் மாறும் என்று தனித்தனியாக எழுதுகிறது. கடிகாரம் எல்லாவற்றையும் கலக்கிச் சராசரியாக்கி 12 மணி 25 நிமிடம் என்று ஒரு சில்லுக்குள் போட்டுவிட்டது. உண்மையில் பறுவத்தை ஒட்டி நீர் அவ்வளவு பிந்துவதில்லை, அட்டமியை ஒட்டி அதைவிடக் கூடப் பிந்தும். ஒரு பட்சத்துக்குள் முள் அரை மணிக்கு மேலும் விலகிப் போய், பிறகு தானாகவே சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் கடிகாரம் ஒருபோதும் பிழைத்ததே இல்லை என்று சத்தியம் செய்யலாம். கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1872-73இல் வற்றுப்பெருக்கைக் கணிக்கப் பித்தளைச் சில்லுகளால் ஒரு இயந்திரம் செய்வித்தார். நிலவுக்கு ஒரு சில்லு, சூரியனுக்கு ஒன்று, நிலவின் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் இன்னொன்று என்று பத்துச் சில்லுகள்; எல்லாவற்றின் மேலும் ஒரே கயிறு ஓடி, கடைசியில் ஒரு பேனையைத் தூக்கி இறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு துறையின் ஒரு வருடக் கடல் காகிதத்தில் அலையாக விழும். 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே அதைவிடப் பெரியது ஒன்று லண்டனில் செய்யப்பட்டது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிட்ஸ்ரன் குன்றில் இருந்த இப்படியான இயந்திரங்கள்தான் 1944இல் நோர்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்கான நீரைக் கணித்தன. அத்தனை சில்லுகளில் பெரியது எதுவோ அந்த ஒன்றை மட்டும் கழற்றி என் மணிக்கட்டில் கட்டியிருக்கிறார்கள். அத்தனை சில்லும் இருந்தாலும் காற்று இல்லை, காற்றமுக்கம் இல்லை. அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்ரிமீற்றர் உயரும். 1953 ஜனவரி 31 இரவு வடகடலில் புயல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து ஒல்லாந்தில் 1,836 பேரைக் கொண்டுபோனது. அன்றைய அட்டவணையில் அந்த நீர் இல்லை.

இனி, எழுதாமல் தப்பலாமா என்று பார்த்த விடயத்துக்கு வருகிறேன். 2004 பெப்ரவரி 5, வியாழக்கிழமை. தைப்பூசம். நாங்கள் லங்காஸ்ரருக்குக் குடிவந்து இரண்டாவது குளிர்காலம். சர்க்கரைப் பொங்கல் பொங்கி, அடுப்பைச் சுற்றியே எல்லாரும் இருந்த இரவு. ஹெலிகொப்ரர் சத்தம் நெடுநேரம் கேட்டது. மறுநாள்தான் தெரிந்தது, ஹெஸ்ற் பாங் கரைக்கு வெளியே மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் பலர் கடலில் இறந்து கிடந்தார்கள் என்று. இறந்தது இருபத்துமூன்று பேர் எனப் பிறகு கணக்கிட்டார்கள். பெரும்பாலும் பூஜியான் மாகாணத்து ஆட்கள். கள்ளமாக நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள். பறுவத்துக்கு முதல் நாள் இரவு, குளிரில், இருட்டில். அவர்களைக் கொண்டுபோய் இறக்கியவனுக்கு 2006இல் பதினான்கு வருடச் சிறை. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் கூலிக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த நாட்களில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அவர்களுக்கு நீர் வரும் நேரம் தெரியாதா? நானும் கேட்டேன். கள்ளமாக ஒரு நாட்டுக்குள் வருவது என்றால் என்னவென்று தெரிந்த சனத்தில் பிறந்த நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். அவர்கள் எல்லாருடைய கையிலும் இந்தக் கடிகாரம் இருந்திருந்தால்? இதைத்தான் சண்டர்லாண்ட் பொயின்றில் காருக்குள் இருந்து மீண்டும் மீண்டும் உருட்டிக்கொண்டிருந்தேன். குடாவின் மணல் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டையில்லை. நடுவே ஆற்றுக் கால்வாய்கள் ஓடுகின்றன. அவை ஒரு பருவத்துக்கு மறு பருவம் இடம் மாறுகின்றன. பெருகுகிற நீர் கடல் பக்கமாக முன்னால் வராது. முதலில் அந்தக் கால்வாய்களுக்குள் புகுந்து, நிற்கிறவனுக்கும் கரைக்கும் நடுவே ஏறிவிடும். முன்னே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு இன்னும் நேரம் இருக்கும். உயர்நீருக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே திரும்பும் வழி போயிருக்கும். கடிகாரம் அப்போதும் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மணலைக் கடக்க ஆட்களை அழைத்துப்போவதற்கென்று அரச வழிகாட்டி ஒருவரை நியமிக்கிற வழக்கம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 1857இல் ரயில் வரும்வரை குதிரை வண்டிகளே அந்த மணலைக் குறுக்கே கடந்தன. 1963 முதல் 2019 வரை வழிகாட்டியாக இருந்தவர் செட்ரிக் ரொபின்சன், மீனவர். சம்பளம் வருடத்துக்கு 15 பவுண், இருக்க ஒரு பழைய வீடு. ஆட்களைக் கூட்டிப்போக முதல் நாளே தான் போய், தடியால் மணலைக் குத்திப் பார்த்து, கென்ற் ஆற்றை எங்கே கடக்கலாம் என்று தீர்மானித்து, லோரல் மரக் கிளைகளை வெட்டி வழி நெடுக நட்டுவிட்டு வருவார். அந்த மரம்தான் வேண்டுமாம், அதன் இலை உப்புத் தண்ணீரில் உதிராது. ஒருமுறை அவரோடு நூற்றுக்கணக்கான ஆட்களுக்குள் ஒருவனாக நானும் நடந்திருக்கிறேன். சேறு கணுக்காலுக்கு மேலே குளிர்ந்து, விரல் இடுக்கால் பிதுங்கியது. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த மணம். ஆற்றில் தண்ணீர் தொடை வரை வந்தது. அட்டவணை அவருக்கும் வேண்டியதுதான், அதைப் பார்த்துத்தான் நாளையே குறித்திருப்பார். ஆனால் நாங்கள் பின்னால் போனது அட்டவணைக்குப் பின்னால் அல்ல. நேற்று இந்த இடத்தில் நின்ற ஒரு மனிதனுக்குப் பின்னால். 2004இல் அந்த இருபத்துமூன்று பேருக்கு முன்னால் அப்படி ஒருவர் நடக்கவில்லை. களங்கட்டிக்காரர் என் அம்மப்பாவிடம் திதியைக் கேட்டதுபோல அவர்கள் போய்க் கேட்க ஒரு படலை இருக்கவில்லை. இந்த ஒப்பீடும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துச் சொன்ன திதியை ஒரு கருணைபோல எழுதிவிட்டேனோ?

அட்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்பார்கள் ஊரில். அந்த இரண்டு நாளில்தான் கடலும் எதையும் பெரிதாகத் தொடங்குவதில்லை. தண்ணீர் இழுக்காது, படகு நகராது, வலைக்குள் ஒன்றும் வராது. கரையோரத்தில் யாரோ சொன்னது ஊருக்குள் வந்து சோதிடமாக மாறிவிட்டதோ என்று ஒருநாள் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இப்படி முடிச்சுப்போடுவது எவருக்கும் இலேசு, எனக்கு வேண்டியபடி வருகிற முடிச்சில் எனக்கே நம்பிக்கை இல்லை. கடிகாரத்தை இப்போதும் கட்டுகிறேன். முள்ளைத் திருத்துவதை விட்டுவிட்டேன். விலகிப் போய்த் திரும்பி வரட்டும். லண்டன் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் ஒன்று கோயிலில் வாங்கி, சமையலறைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அதன் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருப்பது: பறுவம், அமாவாசை – உயர்நீர் நண்பகல். ஒரு திதிக்கு இரண்டு நாழிகை கூட்டுக. வெயில்காலத்தில் மேலும் ஒரு மணி. அதற்குக் கீழே இன்னொரு வரி பிறகு சேர்த்தேன், வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கரைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக. வாசிக்கிற உங்களுக்கும் அதுவே: இந்தக் கணக்கை நம்பி மணலில் இறங்க வேண்டாம், ஊர்க்காரரிடம் கேளுங்கள்.